தேநீருக்குப் பிறகுதான் செய்தி

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பெல்லில் அவரைச் சீன அக்கா என்று கூப்பிடுவார்கள். சீனாவுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர் சகா இனத்துப் பெண். சைபீரியாவின் வடகிழக்கில், உலகப் படத்தில் யாக்குத்தியா என்று எழுதியிருக்கும் நிலத்தில் பிறந்தவர். சோவியத் காலத்தில் இர்குத்ஸ்க் நகரத்துக்குப் படிக்க வந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, அந்த நாடு உடைந்ததும் அவரோடு பாரிசுக்கு வந்து சேர்ந்தவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார்; தமிழ் மட்டும் தங்கிவிட்டது. அதுவும் என்ன தமிழ்! 'ஓம்' என்பார். 'இஞ்சை வா பிள்ளை' என்பார். முதல் தடவை அந்த முகத்திலிருந்து அந்தப் பேச்சு வந்தபோது, பின்னால் வேறு யாரோ பேசுகிறார்களாக்கும் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

"சீன அக்கான்னு கூப்பிடறாங்களே, கோவமே வராதா உங்களுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மொஸ்கோவிலையும் சீனாக்காரி எண்டுதான் சொன்னவங்கள். இஞ்சை அக்கா எண்டு சேர்த்துச் சொல்லுகினம். பரவாயில்லைத்தானே."

நான் திருச்சியிலிருந்து புவியியல் படிக்கப் போனவள். ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டது சகா மக்களின் நிலம். ஏன் என்று கேட்டால் நியாயமான பதில் இல்லை. பரப்பில் கிட்டத்தட்ட இந்தியா அளவு. ஜனம் என்று பார்த்தால் ஒரு கோயம்புத்தூர்கூடத் தேறாது. இதைப் படித்த அன்றைக்கே எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. நேரில் போய், உறைந்த லேனா ஆற்றின் மேல் லாரிகள் ஓடுவதைப் பார்த்து எழுத வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் உக்ரைன் போர் வந்தது, விமானங்கள் நின்றன. "நார்வேக்கு மாற்றிக்கொள்" என்றார் ஆசிரியர். நார்வேயைக் கேட்டதும் அழுகைதான் வந்தது. அந்த வாரம் ஷப்பெல் மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே இந்தச் சோகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைக்காரர், "உங்கை பக்கத்துச் சாப்பாட்டுக் கடையிலை ரொட்டி போடுற மனிசி அந்தக் குளிர் நாட்டு ஆள்தானே" என்றார். முருங்கைக்காயைத் தராசிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

அடுப்படி வாசலில் போய் நின்றபோது தொண்டை வரைக்கும் கேள்விகள். அவர் மாவு உருட்டும் கையை நிறுத்தாமல் என்னை ஏற இறங்கப் பார்த்து, "சொல்லு" என்றார்.

சொன்னேன். ஊர், படிப்பு, ஆய்வு, விமானம், நார்வே, எல்லாவற்றையும் மூச்சு விடாமல். முடியும்வரை கேட்டுவிட்டு, "இப்பிடிச் சொல்லக் கூடாது" என்றார்.

"பின்ன எப்படிச் சொல்றது?"

"எங்கடை ஊரிலை வீட்டுக்கு ஆள் வந்தா 'கெப்சே' எண்டுவம். சொல்லு எண்டு அர்த்தம். வந்த ஆள், 'ஒண்டுமில்லை, நீ சொல்லு' எண்டோணும். நாங்களும் 'ஒண்டுமில்லை' எண்டுவம். பிறகு தேத்தண்ணி. அது குடிச்சு முடிஞ்சாப் பிறகுதான் மாடு கண்டு போட்டது, ஆள் செத்தது எல்லாம். நீ வாசல்லை நிண்டுகொண்டே எல்லாத்தையும் கொட்டிப்போட்டாய்."

கல்லாவிலிருந்து கடை முதலாளி எட்டிப் பார்த்தார். "அது இந்தியாக்காரப் பிள்ளை அக்கா. தேத்தண்ணி வரைக்கும் தாங்காது."

அதன்பிறகு ஒன்றரை வருடம், வகுப்பில்லாத நாளெல்லாம், நான் தங்கியிருந்த ஒபர்வில்லியேயிலிருந்து அந்த அடுப்படிக்கு ஓடிவிடுவேன். இப்போது கடை கைமாறிவிட்டது, நானும் வேறு ஊருக்கு வேலைக்கு வந்துவிட்டேன். அவரை நினைக்கும்போது முதலில் வருவது ரொட்டியும் இல்லை, குளிரும் இல்லை. அவர் யாரையும் ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கே போனாய், ஏன் அழுதாய், விசா என்ன ஆயிற்று, கல்யாணம் எப்போது, இந்த நாலும் இல்லாமல் ஷப்பெல்லில் ஒரு தெருவைக் கடக்க முடியாது. அவர் மட்டும் "சொல்லு" என்று ஒரு சொல்லை வைத்துவிட்டு, தேநீரையும் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். சொன்னால் கேட்பார். சொல்லாவிட்டால் அதுவும் சரி.

அந்தச் சொல்லுக்கு எப்பேர்ப்பட்ட ஆட்களும் விழுந்தார்கள். ஒருமுறை வேலைச் சட்டப் பரிசோதகர் ஒருவர், வெள்ளைக்காரர், கையில் கோப்போடு வந்து நின்றார். முதலாளி அண்ணைக்கு வியர்த்துவிட்டது. சீன அக்கா ஒரு கிளாஸ் தேநீரை அவர் முன்னால் வைத்து, "ரகோந்தே, மிஸ்யூ" என்றார். சொல்லுங்கள் ஐயா. அவர் திகைத்துப்போய், ஒன்றுமில்லை, வழக்கமான பரிசோதனைதான் என்றார். அக்கா தலையாட்டிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். கிளாஸ் காலியாகும் நேரத்தில் அந்த மனிதர் தன் மகள் தன்னோடு பேசுவதில்லை என்று எங்கள் வெங்காயக் கூடையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பேப்பரையெல்லாம் ஒன்று விடாமல் பார்த்துவிட்டுத்தான் போனார். ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு போனார்.

"உந்தாள் எனக்கு ஃபைன் அடிக்க வந்தவனோ, பாவமன்னிப்புக் கேக்க வந்தவனோ?" என்றார் முதலாளி.

அங்கே காய்கறி வெட்டிய வசந்தி அக்கா வன்னியிலிருந்து வந்தவர். தம்பியைக் கடைசிப் போரில் தொலைத்தவர். அதைப் பற்றி யாராவது கேட்டால் கத்தியை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். சீன அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தார். "ஏன் அவங்ககிட்ட மட்டும்?" என்றேன். "அவ கேக்கேல்லை. அதாலை சொன்னனான்" என்றார்.

எனக்குத்தான் கஷ்டம். ஆய்வுக்கு ஆள் கிடைத்தும், என்னால் கேட்காமல் இருக்க முடியாது. அவருக்குக் கேட்டால் பிடிக்காது. அவர் ஊர்ப் பக்கம் எடுக்கும் வைரத்தைப் பற்றிக் கேட்டால் வாயே திறக்க மாட்டார். அப்புறம் ஒருநாள் இருவரும் ஃபோபூர் சாந்தெனித் தெருவில் நடந்துபோகும்போது நகைக்கடைக் கண்ணாடி முன்னால் தானாகவே நின்றார். "எங்கடை ஆத்துப் பக்கம்தான் வைரம் எடுக்கினம். ஒரு வைரத்தை நான் கண்ணாலை கண்டது இஞ்சை வந்துதான், தமிழ்க் கடையிலை" என்று சிரித்தார். நடந்துகொண்டே சொன்னார்: சுரங்கம் வந்த பிறகு அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிக்க ஊருக்குப் பயம். பொன், நிலக்கரி, வைரம் எல்லாம் அந்த நிலத்திலிருந்து எங்கேயோ போகின்றன. அவர் கிராமத்துக்கு மிஞ்சியது மாடு, குதிரை, வைக்கோல், ஏரி. வீட்டைத் தரையோடு சேர்த்துக் கட்டக் கூடாது, கால் வைத்து உயர்த்தித்தான் கட்ட வேண்டும். வீட்டின் சூடு கீழே இறங்கினால் உறைந்த நிலம் உருகி வீடே சரிந்துவிடும். இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் அவர் "வீட்டுக்குக் கீழை நாய் ஓடுற அளவுக்கு இடம் விடோணும்" என்றபோதுதான் அந்த வீடு எனக்குக் கண்ணில் தெரிந்தது.

"அப்போ குடிக்கறதுக்குத் தண்ணி?" என்று கேட்டுவிட்டேன். அன்று நல்ல மனநிலையில் இருந்தார் போலும், பதில் வந்தது.

"ஐஸ்."

ஏரி உறைந்து, ஆள் நடக்கத் தாங்கும் கனம் வந்ததும் கிராமத்தில் ஐஸ் வெட்டுவார்கள். அந்தந்த வீட்டு ஆண்கள் அந்தந்த வீட்டுக்கு வெட்ட வேண்டும். முன்பு ஈட்டி மாதிரி ஓர் இரும்பு. இப்போது மோட்டார் வாள். கட்டி கட்டியாக இழுத்து வந்து வேலியோரம் நிறுத்திவைத்தால் அதுதான் அந்தக் குளிர்காலம் முழுக்கத் தண்ணீர். தேநீர் வேண்டுமென்றால் கோடரியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போக வேண்டும். அவருடைய அக்கா இன்னமும் அந்தக் கிராமத்தில்தான் இருந்தார், விதவை. அவருக்கு ஒரே மகன். குதிரை பார்ப்பது, வைக்கோல் வெட்டுவது, ஐஸ் வெட்டுவது எல்லாம் அவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கடை திறக்கும் முன், மாவு வாளியில் தொலைபேசியைச் சாய்த்துவைத்து அந்த அக்காவோடு பேசுவார். அங்கே பொழுது சாய்ந்திருக்கும். மொழி புரியாவிட்டாலும் தொடக்கம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். "கெப்சே." "சுவோக், நீ சொல்லு." "சுவோக்." வசந்தி அக்கா கத்தரிக்காயை வெட்டிக்கொண்டே கூடவே முணுமுணுப்பார்: "ஒண்டுமில்லையாம். இஞ்சையும் ஒண்டுமில்லையாம். இனித் தேத்தண்ணி." இரண்டு பக்கமும் கிளாஸ் வைக்கும் சத்தம் கேட்கும். அப்புறம்தான் பேச்சு.

நான் போகத் தொடங்கிய அந்த இலையுதிர் காலத்திலேயே ஒரு ஞாயிறு, தேநீருக்குப் பிறகு அந்தப் பக்கம் நெடுநேரம் ஒரே குரல் பேசிக்கொண்டிருந்தது. வைத்த பிறகு சீன அக்கா எங்களிடம், "பெடியனைப் போருக்குக் கொண்டு போட்டினம்" என்றார். குதிரைகளோடு வெளியே இருந்தவனை ஊருக்குக் கூப்பிட்டு, கையில் கடிதாசியைக் கொடுத்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டார்களாம். அந்த வருடம் அவர் அக்கா கூலிக்கு ஆள் பிடித்து ஐஸ் வெட்டினார். படம் வந்தது. வேலியோரம் கோணல்மாணலாய் ஒரு சின்னக் குவியல், பல் விழுந்த வாய் மாதிரி.

பையனிடமிருந்து எப்போதாவது ஒரு வரி வரும் என்றார். வைக்கோல் வெட்டும் கோடை வந்தபோது அதுவும் நின்றுபோனது. ஒவ்வொரு ஞாயிறும் ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, தேநீர், மாடு, பனி. பையனைப் பற்றி அவர் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. எனக்குப் பொறுக்காது. "கேட்டுடுங்களேன் அக்கா!" என்பேன். "சொல்லுறதுக்கு இருந்தாச் சொல்லுவா" என்பார். அந்த நாட்களில் அவர் போட்ட ரொட்டிகளில் உப்பு இருக்காது, அல்லது இரண்டு மடங்கு இருக்கும். முதலாளி அண்ணை ஒரு சொல்லும் சொன்னதில்லை; வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்தால், "இண்டைக்கு டாக்டர் ஸ்பெசல்" என்று சமாளிப்பார்.

அடுத்த குளிர்காலம் தொடங்கியது. ஒருநாள் காலை அவர் தொலைபேசியில் ஒரு படம் வந்து விழுந்தது. அவர் அக்கா எழுதியது ஒரு சொல்லும் இல்லை, படம் மட்டும். கைகளில் மாவு இருந்ததால், "பிள்ளை, திறந்து காட்டு" என்றார்.

அக்கா வீட்டு முற்றம். வேலியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நீலப் பனிக்கட்டிகள், செங்கல் அடுக்கியது போல ஒரே அளவில், நேர் நேராக, வரிசைக்கு மேல் வரிசையாக. கூரை உயரத்துக்கு இருந்தது. அவற்றுக்குள் வெயில் இறங்கி நின்றது.

வசந்தி அக்கா கத்தியே விட்டார். "ஐயோ, பெடியன் வந்திட்டான்! அக்கா, உங்கடை பெடியன் வந்திட்டான்!"

எனக்கும் சந்தேகமே இல்லை. போன வருடக் குவியலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, பாருங்கள், இது கூலிக்கு வெட்டியது, இது வீட்டு ஆள் வெட்டியது என்று வகுப்பெடுத்தேன். முதலாளி அண்ணை கல்லாவைவிட்டு உள்ளே வந்தார். "கேசரி கிண்டு வசந்தி. கஜூவைக் கண்ணை மூடிக்கொண்டு போடு. இண்டைக்கு வாற எல்லாருக்கும் சும்மா." மதியம் சாப்பிட வந்த கட்டட வேலைக்காரர்கள் காரணம் தெரியாமலே கேசரி தின்று, காரணம் தெரிந்ததும் அடுப்படிக்குள் தலையை நீட்டி வாழ்த்திவிட்டுப் போனார்கள். "சீன அக்கா, பெடியனை இஞ்சாலை கூப்பிடுங்கோ, பெட்டை பாப்பம்" என்றான் ஒருவன்.

அவரும் கேசரி சாப்பிட்டார். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டு, "நல்லா இருக்கு" என்றார். எல்லோருக்கும் சிரித்தார். அப்புறம் பாத்திரம் கழுவப் போனார்.

கூட்டம் கலைந்த பிறகு வசந்தி அக்காதான் கவனித்தார். கழுவிக் கவிழ்த்த தாச்சியை எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தார் அவர். அதே தாச்சியை மூன்றாவது தடவை எடுத்தபோது, வசந்தி அக்கா போய்க் குழாயை மூடினார். மெதுவாகச் சொன்னார்: "அக்கா. அது பெடியன் வெட்டினதில்லைப் போலை."

"இல்லை."

நான் வாயைத் திறந்தேன். வசந்தி அக்கா என் கையைப் பிடித்து அமுக்கினார். 

"ஒரு வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை" என்றார் அவர், தாச்சியைப் பார்த்தபடி. "தன்ரை வீட்டுக்கு வெட்டுறவன் அப்பிடி நேரா அடுக்க மாட்டான். அவனுக்கு நேரமில்லை, குளிருது. அது ஊர் முழுக்கச் சேர்ந்து வெட்டினது. கேக்காமல் வந்து வெட்டிக் குடுத்திட்டுப் போறது. ஆம்பிளை செத்த வீட்டுக்கு மட்டும்தான் ஊர் வெட்டும். செத்த முதல் வருசம்."

முதலாளி அண்ணை கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் திரும்பிப் போனார்.

"உங்க அக்கா ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்கத் தெரியவில்லை எனக்கு.

"சாவை ஃபோனிலை சொல்லுறேல்லை பிள்ளை. நேரிலை ஆள் வரோணும். இருந்து, தேத்தண்ணி குடிச்சு, பிறகுதான். அதாலைதான் படம் அனுப்பினவ. நான் விளங்கிக்கொள்ளுவன் எண்டு."

"அப்ப எப்பதான் சொல்லுவாங்க?"

"நான் போனால்."

போக முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கிருந்து நேராக விமானம் இல்லை. சுற்றிப் போனாலும், பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு உள்ளே போனவரைத் திரும்ப விடுவார்களா என்பது அவருக்கே நிச்சயமில்லை. வசந்தி அக்கா துண்டை எடுத்து அவர் கைகளைத் துடைத்துவிட்டார், குழந்தைக்குத் துடைப்பது போல. துடைத்துக்கொண்டே சொன்னார்: "என்ரை தம்பியின்ரை கதையை நான் ஒருத்தருக்கும் சொல்லாமல் எத்தினை வருசம் வச்சிருந்தனான் எண்டு உங்களுக்குத்தான் தெரியும். நெஞ்சுக்குள்ளை அது அழுகிப் போகும் அக்கா. அந்த மனிசி அங்கை தனிய."

சீன அக்கா அந்தத் துண்டை வாங்கிக் கொடியில் போட்டார். அன்று மிச்ச வேலையைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நான் வழக்கத்தைவிட முந்திப் போனேன். வசந்தி அக்காவும் வந்திருந்தார். முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். சீன அக்கா அடுப்படியில் தொலைபேசியை மாவு வாளியில் சாய்த்துவைத்தார்.

கெப்சே. சுவோக், நீ சொல்லு. சுவோக்.

இரண்டு பக்கமும் தேநீர். அவர் கிளாஸைக் கீழே வைக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு கையை மேசையில் ஊன்றிக்கொண்டு பேசத் தொடங்கினார். அந்த மொழியில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை. குரல் உயரவில்லை, உடையவும் இல்லை. எனக்குப் புரிந்தது ஒரே ஒரு பெயர், அவர் கணவரின் பெயர். அது திரும்பத் திரும்ப வந்தது. நடுவில் ஒரு ஆஸ்பத்திரியின் பெயர் பிரெஞ்சில் வந்து போனது.

அவர் முடித்தார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டது என்று நினைத்து நான் தொலைபேசியைப் பார்க்க எழுந்தேன். அப்போது அது கேட்டது. முதலில் மூச்சு. பிறகு, உறைந்த கதவொன்றை வெளியிலிருந்து யாரோ தள்ளித் தள்ளித் திறப்பது போல ஓர் அழுகை. அது நீண்டது. தாழ்ந்தது, மறுபடி எழுந்தது. அதன் நடுவே சொற்கள் வந்தன. அவர் வாளியின் மேல் குனிந்து, "ஊம், ஊம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வசந்தி அக்கா சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கடை திறக்கும் நேரம் தாண்டியது. முதலாளி அண்ணை ஷட்டரைத் தூக்கவில்லை.

எல்லாம் அடங்கி, தொலைபேசியை அவர் கவிழ்த்து வைத்த பிறகு வசந்தி அக்கா கேட்டார். "என்னக்கா சொன்னனீங்கள்?"

"என்ரை மனிசன் செத்துப்போனார் எண்டு சொன்னனான்."

எங்களுக்குப் புரியவில்லை. அவர் கணவர் இறந்து ஆறேழு வருடம். நான் பாரிசுக்கு வருவதற்கு வெகு முன்னால்.

"உங்க அக்காவுக்கு அது தெரியாதா?" என்றேன்.

"தெரியாது. ஃபோனிலை எப்பிடிச் சொல்லுறது? நேரிலை போய்ச் சொல்லுவம் எண்டு இருந்தனான். காசில்லை, பேப்பரில்லை, கொரோனா, பிறகு உந்தச் சண்டை. அக்கா ஒவ்வொரு முறையும் அவருக்குச் சுகம் சொல்லுவா. நான் வேலைக்குப் போட்டார் எண்டுவன். செத்து ரண்டு வருசத்துக்குப் பிறகு அவருக்கெண்டு நரித்தோல் தொப்பி ஒண்டு அனுப்பினவ. நல்லாப் பொருந்துது எண்டு சொன்னனான்."

மாவைத் தாச்சியில் கொட்டினார். தண்ணீர் ஊற்றினார். உப்பை எடுத்து, கையில் அளவு பார்த்துப் போட்டார்.

"உங்க அக்கா அழுதாங்க" என்றேன். முதல் தடவையாக நான் கேள்வி கேட்கவில்லை.

"ஓம். என்ரை மனிசனுக்கெண்டுதான் அழத் தொடங்கினவ." மாவுக்குள் இரண்டு கைகளையும் இறக்கினார். "எங்கை போய் முடிஞ்சதெண்டு நான் கேக்கேல்லை."